பெட்டி வைத்தாயிற்று, அளவு சரிதானா?

பேஸ்மேக்கர் வைத்த ஒருவரைக் கண்டால் எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்பது ஒன்றே ஒன்றைத்தான்: "பெட்டரி எத்தனை வருஷத்துக்கு?" பத்து வருஷம் என்று சொல்லிவிட்டால் கேட்டவருக்கும் நிம்மதி, வைத்துக்கொண்டவருக்கும் நிம்மதி. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் அப்பாவின் பெட்டரிக்கு இன்னும் பல வருஷ ஆயுள் இருக்கும்போதே அவருடைய இதயம் தளரத் தொடங்கியது. பெட்டியில் பழுதில்லை. இதயத்துக்குள் போன கம்பிகளும் அசையாமல் இருந்தன. அவருக்குப் பொருந்தாமல் போனவை பெட்டிக்குள் பதித்து வைத்திருந்த அளவுகள்.

அப்பா ரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலைச்சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் பிரட்டு முடிந்ததும் மலைக்கு ஏறினால் மத்தியானம் கொழுந்து நிறுக்கும்வரை ஏறுவதும் இறங்குவதுமாகவே இருந்த உடம்பு. ஒருநாள் கோயில் வாசலில் கண் இருண்டு விழுந்தார். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34 என்று மாத்தளையில் ஈசிஜி எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். துடிப்பைத் தொடங்கிவைக்க வேண்டிய இடம் சோர்ந்துவிட்டது. கண்டியில் இரண்டு கம்பி பேஸ்மேக்கர் வைத்தார்கள். அரசாங்க வைத்தியசாலை என்பதால் எங்களுக்குச் செலவு பஸ் காசும் சாப்பாடும்தான். அதன்பிறகு மயக்கம் வரவே இல்லை. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

சில வருஷங்களுக்குப் பிறகு கணுக்காலில் வீக்கம் கண்டது. இரவில் இரண்டு தலையணை, பிறகு மூன்று தலையணை. வீட்டுக்கும் பாதைக்கும் இடையிலுள்ள படிகளில் நடுவில் நின்று, வேலியைப் பிடித்துக்கொண்டு, மரத்தைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்குவார். கேட்டால், "வயசாச்சுல்ல புள்ள, இன்னமும் மலை ஏறவா முடியும்?" என்பார். கிளினிக்கில் தண்ணிக் குளிசை கொடுத்தார்கள், வீக்கம் வடிந்தது, திரும்ப வந்தது. எக்கோ எடுத்தபோது இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு நாற்பது சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. நல்ல இதயத்தில் அது ஐம்பத்தைந்துக்கு மேல் இருக்கும். மாரடைப்பு வந்த அடையாளம் இல்லை, சீனி வருத்தமும் இல்லை. பின்னே ஏன்?

பதில் அவருடைய நெஞ்சுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. பேஸ்மேக்கர் தான் செய்ததையெல்லாம் கணக்கு வைத்துக்கொள்ளும் கருவி. எத்தனை துடிப்பை இதயம் தானே துடித்தது, எத்தனையைக் கருவி தூண்டியது, எந்த நேரத்தில் தாளம் தவறியது என்பதெல்லாம் அதன் நினைவில் இருக்கும். மார்பின் மேல் ஒரு கைக்கருவியை வைத்து, புரோகிராமர் என்ற கணினியில் அதைப் படிக்கலாம். கண்டியில் அப்படிப் படித்தபோது திரையில் வந்த ஓர் எண்ணைக் காட்டி டொக்டர் சொன்னார்: "வலது கீழறையை நூற்றுக்கு 86 தடவை மெஷின் தூண்டியிருக்கிறது. இவருக்கு இந்த அளவு தேவையே இல்லை."

நான் விஞ்ஞானம் கற்பிக்கிறவள். இதயத்தின் நான்கு அறைகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டிய கைதான் இது. ஆனாலும் அந்த 86 என்ன சொல்கிறது என்று புரிந்துகொள்ள வீட்டுக்கு வந்து நிறைய வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்ததைச் சொல்கிறேன்.

இயல்பான துடிப்பு வலது மேலறையில் தொடங்குகிறது. அங்கிருந்து மின்துடிப்பு நடுவிலுள்ள ஒரு சந்திக்கு வந்து, மேலறை இரத்தம் கீழறைக்குள் இறங்கி முடியட்டும் என்று ஒரு கணம் தாமதிக்கிறது. பிறகு இடது வலது என்று இரண்டாகப் பிரியும் நரம்பு போன்ற பாதையில் ஓடி, செக்கனில் பத்தில் ஒரு பங்குக்குள் இரண்டு கீழறைகளையும் ஒன்றாகச் சுருங்க வைக்கிறது. பேஸ்மேக்கரின் கம்பி வலது கீழறையின் சதையில்தான் வழக்கமாகப் பதிகிறது. அங்கிருந்து தூண்டினால் மின்சாரம் இயல்பான பாதையில் ஓடாது, சதைக்குள் ஊர்ந்து போகும். வலது பக்கம் முதலில் சுருங்கும். உடம்புக்கெல்லாம் இரத்தம் அனுப்பும் இடது கீழறையின் வெளிச்சுவர் பிந்திச் சுருங்கும். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். இரண்டு வடத்திலும் நிற்பவர்கள் ஒரே மூச்சில் இழுத்தால் தேர் நேராக நகரும். ஒரு வடம் முந்தி மறு வடம் பிந்தினால் அத்தனை பேரின் பலமும் வீணாகி, தேர் கோணிக்கொண்டு நிற்கும். அப்படி ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை, வருஷக்கணக்கில் இழுத்தால் சிலருடைய இதயம் விரிந்து தளர்கிறது. வலது கீழறையை அதிகமாகத் தூண்டவேண்டி வருபவர்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இது நேரலாம் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன.

இது அண்மைக் காலத்தில்தான் தெளிவாகத் தெரிந்த விஷயம். முதல் பேஸ்மேக்கர் சுவீடனில் 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி ஆர்னே லார்சன் என்பவருடைய உடம்பில் வைக்கப்பட்டது. அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றுபோனது. லார்சனோ மாற்றி மாற்றி இருபதுக்கு மேற்பட்ட கருவிகளோடு 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். அந்த நாள்களில் துடிப்பு நிற்காமல் இருப்பதே பெரிய காரியம். எந்த இடத்தில் தூண்டுகிறோம், எத்தனை தடவை தூண்டுகிறோம் என்பதெல்லாம் பிறகு வந்த கேள்விகள். 2002இல் அமெரிக்காவில் வெளியான டேவிட் ஆய்வுதான் பலருடைய கண்ணைத் திறந்தது. இதயம் தளர்ந்த 506 பேருக்கு, ஆபத்தான தாளத்தை நிறுத்தும் கருவி வைத்தார்கள். அவர்களுக்குத் துடிப்பைத் தூண்டும் உதவி தேவைப்பட்டிருக்கவில்லை. ஒரு பாதிக்குக் கருவி நிமிடத்துக்கு 70 என்று முந்திக்கொண்டு தூண்டும்படி அளவு வைத்தார்கள். மறு பாதிக்கு 40க்குக் கீழே இறங்கினால் மட்டும் தூண்டும்படி வைத்தார்கள். முந்திக்கொண்டு தூண்டினால் நன்மை என்றுதான் எதிர்பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் முதல் கூட்டத்தில் நூற்றுக்கு 27 பேர் அளவில் இறந்தார்கள் அல்லது இதயத் தளர்ச்சியால் வைத்தியசாலையில் சேர்ந்தார்கள். மறு கூட்டத்தில் அது 16தான். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வகைக் கருவி. வித்தியாசம் அளவில்.

அப்பாவின் கதையும் அதே கதைதான். அவருக்குத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்தான் பழுது. மேலிருந்து கீழே போகும் பாதை திறந்தே இருந்தது, வயதுக்கேற்பச் சற்று மெதுவாக. கருவியோ மேலறை துடித்து 150 மில்லி செக்கனுக்குள் கீழறை துடிக்காவிட்டால் தூண்டிவிடும்படி வைக்கப்பட்டிருந்தது. அவருடைய இதயத்துக்கு 220 மில்லி செக்கன் வேண்டும். தன் துடிப்பு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் கருவி முந்திக்கொண்டது. மயங்கி விழுந்த ஒரு மனிதருக்கு ஆரம்பத்தில் பாதுகாப்பான பொது அளவை வைப்பது முறைதான். அதைப் பிறகு அவருடைய இதயத்துக்கு ஏற்றபடி திருத்தியிருக்க வேண்டும். நடுவில் எத்தனையோ கிளினிக் போனோம். பெட்டரி சரி, கம்பி சரி என்று கொப்பியில் எழுதிக் கொடுத்தார்கள்.

திருத்தம் செய்ய எடுத்தது ஒரு தேநீர் குடிக்கும் நேரம். இயல்பான துடிப்புக்குக் காத்திருந்து, அது வராதபோது மட்டும் தூண்டும் ஒரு வசதி அந்தக் கருவியிலேயே இருந்தது. அதைத் திறந்துவிட்டார்கள். கத்தியில்லை, ஊசியில்லை, மருந்தில்லை. அடுத்த பரிசோதனையில் 86 என்ற எண் ஐந்துக்குக் கீழே வந்திருந்தது.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான பாதை முழுக்க அடைத்துப்போனவர்களுக்கு ஒவ்வொரு துடிப்பையும் கருவிதான் கொடுக்க வேண்டும். அங்கே தூண்டலைக் குறைக்க முடியாது. அவர்களுடைய இதயம் தளர்ந்தால் வேறு வழி பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் படிகள். காத்திருக்கும் வசதியைத் திறந்த பிறகும் அப்பாவால் படியேற முடியவில்லை. கண்டி கிளினிக்கில் கருவி பார்க்கும் பையன் தமிழ்ப் பையன், கேகாலைப் பக்கம். அவன் கேட்ட ஒரு கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

"ஐயா, பஸ்ஸுல வரும்போது நெஞ்சு படபடன்னு இருக்கா?"

"ஆமா தம்பி. சும்மா உக்காந்துதான் வர்றேன். அப்ப அடிச்சுக்குது. படி ஏறும்போதுதான் ஒண்ணுமே அடிக்க மாட்டேங்குது."

அவன் தலையாட்டிவிட்டு எங்களை மாடிப்படிக்குக் கூட்டிப் போனான்.

நாம் நடந்தால் துடிப்பு கூட வேண்டும். துடிப்பைத் தொடங்கும் இடம் சோர்ந்தவர்களுக்கு அது தானாகக் கூடாது. அதனால் கருவிக்குள் உடம்பின் அசைவை உணரும் ஓர் உணரி வைத்திருக்கிறார்கள், கைத்தொலைபேசியில் அடியெண்ணுவதற்கு இருப்பதைப் போன்றது. உடம்பு குலுங்கினால் ஆள் நடக்கிறார் என்று எண்ணித் துடிப்பைக் கூட்டும். சமதரையில் நடப்பவர்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. மலையில்தான் சிக்கல். செங்குத்தான படியில் ஏறும்போது வேலை அதிகம், குலுக்கல் குறைவு. மெதுவாகக் கால் எடுத்து வைத்துப் போகிறோம். இறங்கும்போது வேலை குறைவு, தடதடவென்று குலுக்கல் அதிகம். ஆகவே ஏறும்போது துடிப்பு அறுபதிலேயே நிற்கிறது, இறங்கும்போது எகிறுகிறது. குண்டும் குழியுமான பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் கருவி அதையும் நடையென்று எண்ணிக்கொள்ளலாம். இந்த உணரியை வடிவமைத்தவர்கள் இந்தக் குறையை அறிந்தே இருக்கிறார்கள். மூச்சின் வேகத்தையும் ஆழத்தையும் அளந்து துடிப்பைக் கூட்டும் இன்னொரு வகை உணரியும் சில கருவிகளில் உண்டு. ஏற்றத்துக்கு அது பொருத்தம். அப்பாவின் கருவியில் அது இல்லை. ஆகவே அசைவுணரி எவ்வளவு குலுக்கலுக்கு விழித்துக்கொள்ள வேண்டும், எவ்வளவு வேகமாகக் கூட்ட வேண்டும், எவ்வளவு நேரத்தில் இறக்க வேண்டும் என்பதை மாற்றினார்கள். பையன் அப்பாவை மாடிப்படியில் ஏற்றி இறக்கி, துடிப்பைப் பார்த்து, மறுபடி மாற்றினான்.

கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ சமதரையில் வாழ்கிற ஒருவருக்குச் சரியான அளவு, லயத்துக்கும் பாதைக்கும் நடுவே செங்குத்துப் படி ஏறுகிற ஒருவருக்குச் சரியாக இருக்காது. இதைக் கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் போதாது. எந்தப் படியில் நிற்கிறார், என்ன செய்யும்போது முடியாமல் போகிறது என்று அவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். தோட்டத்து ஆட்கள் டொக்டர் முன்னால் வாய் திறப்பதில்லை. "எப்படி இருக்கு?" என்றால் "இருக்கேங்க" என்பதோடு முடிந்துவிடும். மரியாதை என்று நினைத்துக்கொண்டு நோயை மறைத்துவிடுகிறோம்.

துடிப்பைக் கூட்டினால் எல்லோருக்கும் நல்லது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தளர்ந்த இதயம் ஒரு வேகத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு துடிப்பின் பலமும் குறைகிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோன் கியெருலா, கிளாவுஸ் விட்டே ஆகியோரின் குழு, இதயத் தளர்ச்சி உள்ளவர்களுக்கு வெவ்வேறு வேகத்தில் துடிக்கவைத்து எக்கோவில் பார்த்து, எந்த வேகத்தில் அவரவர் இதயம் பலமாகச் சுருங்குகிறது என்று கண்டறிந்து, கருவியின் எல்லையை அதற்கேற்ப வைத்தது. அப்படி அளந்து வைத்தவர்களால் பொது அளவில் இருந்தபோதைவிட அதிக நேரம் உடற்பயிற்சி செய்ய முடிந்தது. 2018இல் அந்த முடிவு வெளியானது.

இதயத் தளர்ச்சியில் இன்னொரு வகை இருக்கிறது. சுருங்கும் பலம் குறையாமல், சுவர் இறுகி விரிய மறுப்பது. வயதான பெண்களிடமும் பல வருஷம் பிரஷர் இருந்தவர்களிடமும் இது அதிகம். அவர்களுடைய கதை வேறு. ஏற்கனவே பேஸ்மேக்கர் வைத்திருந்த, இத்தகைய இதயம் கொண்ட 107 பேரை வைத்து அமெரிக்காவின் வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான 60. மறு பாதிக்கு உயரத்தையும் இதயத்தின் பலத்தையும் கணக்கிட்டு ஆளுக்கொரு அடிப்படை வேகம், பெரும்பாலும் 75 அளவில். கருவி இயல்பான மின்பாதைக்கு அனுசரணையாகத் தூண்டும் ஆட்களை மட்டுமே சேர்த்தார்கள். 2023இல் வந்த முடிவின்படி வேகம் கூட்டியவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது, இதயத்தின் களைப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு இறங்கியது, நடமாட்டம் கூடியது. அதே ஆண்டு மாயோ கிளினிக்கின் ஆய்வு, இதே வகை நோயாளிகளில் உடற்பயிற்சியின்போது துடிப்பைக் கூட்டியும் பலன் காணவில்லை. அது சிறிய ஆய்வு, 29 பேர்தான். ஓய்வில் இருக்கும்போதைய வேகம் ஒன்று, ஓடும்போதைய வேகம் இன்னொன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பேச முடியாது. எனக்கு இதில் பிடிபட்டது இதுதான்: இதயத் தளர்ச்சி என்று கொப்பியில் எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஓர் அளவை வைக்கவே முடியாது. எந்த வகைத் தளர்ச்சி என்று எக்கோ சொல்ல வேண்டும்.

இனி, ஒவ்வொரு துடிப்பையும் கருவியே கொடுக்க வேண்டியவர்கள், அல்லது இதயத்தின் இடது மின்பாதை அடைத்துத் தளர்ந்தவர்கள். அவர்களுக்கு மூன்று கம்பிப் பெட்டி இருக்கிறது. சீஆர்டி என்கிறார்கள். மூன்றாவது கம்பி இதயத்தின் பின்பக்க இரத்தக் குழாய் வழியாகப் போய் இடது கீழறையின் வெளிச்சுவரைத் தொடும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகத் தூண்டி மறுபடி ஒரு தாளத்துக்குக் கொண்டுவரும். 2005இல் வெளிவந்த கெயார் எச்எஃப் என்ற ஐரோப்பிய ஆய்வில் 813 பேர். மருந்து மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 30 பேர் இறந்தார்கள், இந்தக் கருவியும் வைத்தவர்களில் 20 பேர். இதய மருத்துவத்தில் இவ்வளவு பெரிய பலன் அடிக்கடி வருவதில்லை.

ஆனாலும் மூன்று பேரில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை. காரணம் தேடி 2009இல் கிளீவ்லண்டில் வில்ஃபிரெட் முல்லன்ஸ் குழுவினர், பலன் காணாத 75 பேரைத் தனி கிளினிக் வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கு நெருக்கமானவர்களில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலான நேர அளவு சரியில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாளக் கோளாறு. நூற்றுக்கு முப்பது பேருக்கு இரத்தச்சோகை. சிலருக்குக் கம்பி இடம் பொருத்தமில்லை, சிலருக்கு மருந்து போதவில்லை. தோட்டத்துப் பெண்களைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த இரத்தச்சோகை எண்தான் முதலில் கண்ணில் பட்டது. எவ்வளவு நுணுக்கமாகக் கருவியை அளந்து வைத்தாலும் இரத்தத்தில் இரும்பு இல்லாவிட்டால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

மூன்று கம்பி வைத்தவர்களுக்கு நாங்கள் பயந்த அந்தச் சதவீதம் தலைகீழ். அவர்களுக்கு இரு பக்கத் தூண்டல் நூற்றை ஒட்டி இருக்க வேண்டும். 2011இல் 36,935 பேருடைய கருவிப் பதிவுகளை அலசியபோது, 98 சதவீதத்துக்கு மேல் தூண்டல் பெற்றவர்களே அதிகமாக உயிர்பிழைத்திருந்தார்கள். தொண்ணூறு சதவீதம் என்றால் பரீட்சையில் ஏ சித்தி. இங்கே அது போதாது. மேலறை நடுக்கமோ தப்புத் துடிப்புகளோ வந்தால் இந்தச் சதவீதம் சத்தமில்லாமல் இறங்கிவிடும். ஆள் களைத்துப்போவார், பெட்டரி என்னவோ முழுசாக இருக்கும்.

கண்டி கிளினிக்கில் காத்திருந்தபோது தம்புள்ளையிலிருந்து வந்த ஒரு மரக்கறி வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று கம்பி வைத்தவர். இடப் பக்கம் சாய்ந்து படுத்தால் வயிற்றின் மேல்பகுதி துடிப்புக்குத் துடிப்பு வெட்டுகிறதாம், விக்கல் மாதிரி. பல மாதமாகத் தூக்கமில்லை, யாரோ செய்வினை என்றும் சொல்லியிருக்கிறார்கள். இடது கம்பிக்குப் பக்கத்தில்தான் மூச்சுத் தசையை இயக்கும் நரம்பு ஓடுகிறது. தூண்டல் அதையும் தொட்டுவிட்டால் இப்படித்தான் வெட்டும். புதிய கம்பிகளில் நான்கு தொடுமுனைகள் உண்டு. ஒரு முனையை விட்டு வேறு முனையிலிருந்து தூண்டும்படியோ, மின்சாரத்தின் அளவைக் குறைத்தோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். அன்று அவர் உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்.

அளவு மாற்றுவதே எல்லாவற்றுக்கும் மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். மூன்று கம்பி வைத்த எல்லோருக்கும் எக்கோ வைத்து நேர அளவைத் திருத்தினால் பலன் கூடுமா என்று 980 பேரை வைத்துப் பார்த்த ஸ்மார்ட் ஏவி ஆய்வு 2010இல் வெளிவந்தது. 120 மில்லி செக்கன் என்ற பொது அளவுக்கும் ஆளாளுக்குத் திருத்திய அளவுக்கும் இதயத்தின் நிலையில் வித்தியாசம் தெரியவில்லை. நன்றாக இருப்பவரைப் போட்டுத் திருத்தத் தேவையில்லை. பலன் காணாமல் தவிப்பவரைத்தான் தேடிப்பிடித்துப் பார்க்க வேண்டும்.

கருவியை வைக்கும்போதே இயல்பான பாதையில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி வராதே என்று கேட்பீர்கள். அந்த வேலையில் நம்மவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. 2017இல் சீனாவின் வென்ஜோவில் வெய்ஜியன் ஹுவாங் குழு, கம்பியை இதயத்தின் நடுச்சுவருக்குள் திருகி இடது மின்பாதையையே நேரடியாகத் தூண்டலாம் என்று காட்டியது. இந்த முறையை உலகெங்கும் பரப்பியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன். மதுரையில் வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சண்முகசுந்தரம் பொன்னுசாமி இதைச் செய்து, அதன் முடிவுகளை மருத்துவ இதழ்களில் தொடர்ந்து எழுதிவருகிறார். 2023இல் விஜயராமன் குழு வெளியிட்ட 1,778 பேரின் ஒப்பீட்டில், பழைய மூன்று கம்பி முறையில் நூற்றுக்கு 28 பேர் இறந்தோ இதயத் தளர்ச்சியால் வைத்தியசாலையில் சேர்ந்தோ இருக்க, இடது பாதையைத் தூண்டியவர்களில் அது 21 அளவில் இருந்தது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய ஆய்வு அல்ல அது, ஆகவே கடைசித் தீர்ப்பாக எடுக்க முடியாது. இருந்தாலும் எங்களைப் போன்ற நாட்டுக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. விலை கூடிய மூன்று கம்பிப் பெட்டி இல்லாமல், சாதாரண இரண்டு கம்பிப் பெட்டியை வைத்தே இதைச் செய்யலாம். 2022இல் மருந்துக்கும் கருவிக்கும் நாடே தவித்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அப்பாவுக்கு இவையொன்றும் தேவைப்படவில்லை. மருந்தும் திருத்திய அளவுகளுமாகச் சில மாதங்களில் இதயம் வெளியே தள்ளும் பங்கு நாற்பது சதவீதத்திலிருந்து நாற்பத்தெட்டுக்கு வந்திருக்கிறது. முழுக்க மீளவில்லை, தண்ணிக் குளிசை இன்னும் தொடர்கிறது. பாதைவரை நிற்காமல் ஏறுகிறார்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வீட்டில் இருந்தால் உங்களுக்குச் சில வார்த்தை. வைக்கும்போது ஓர் அட்டை கொடுத்திருப்பார்கள். மெட்ரானிக், அபோட், பொஸ்டன் சயன்டிபிக், பயோட்ரோனிக் என்று கம்பனியின் பெயரும் கருவியின் இலக்கமும் அதில் இருக்கும். ஒரு கம்பனியின் கருவியை அந்தக் கம்பனியின் புரோகிராமரால்தான் படிக்க முடியும். அட்டை இல்லாமல் போனால் மலையிறங்கி, மாத்தளையில் பஸ் மாறி, கண்டி வரை போன பாடு வீணாகும். அதைக் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டிவையுங்கள், கைத்தொலைபேசியில் படமெடுத்தும் வையுங்கள். ஆறு மாதத்துக்கும் ஒரு வருஷத்துக்கும் இடையில் ஒரு தடவை கருவியைப் படித்தாக வேண்டும். அப்போது பெட்டரியை மட்டும் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். கீழறையை எத்தனை சதவீதம் தூண்டுகிறது, அது எங்கள் ஆளுக்குத் தேவையான அளவா என்று கேளுங்கள். புதிதாக மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடினால், அடுத்த திகதிவரை காத்திருக்க வேண்டாம். பரிசோதிக்காமல் நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம்.

சுகாதார அமைச்சில் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு கோரிக்கை. புரோகிராமர் கையில் தூக்கிப் போகக்கூடிய பெட்டி. கண்டிக்கு வந்துபோகவே ஒரு நாள் கூலியை இழக்கும் லக்கலை, ரத்தோட்டைத் தோட்டத்து நோயாளிகளை அங்கே வரவழைப்பதைவிட, அந்தப் பெட்டியையும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரையும் மாதத்தில் ஒரு நாள் அவர்கள் பக்கத்துக்கு அனுப்புவது மலிவு. தமிழ் பேசத் தெரிந்தவராகப் பார்த்து அனுப்புங்கள்.